குடைக்குள் நான்கு சிவப்பு

எலி இருக்கட்டும், முதலில் அதன் குடையைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். சிவப்புக் குடை என்று சொல்லிவிட்டு அட்டையைத் திறந்து உள்ளே எழுதியிருக்கும் வாழ்த்தைப் படிக்கப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணை நெருக்கிப் பார்த்தால் அந்த நாணய அளவுக்குள் நான்கு சிவப்பு இருக்கிறது. கம்பிகள் வந்து கூடும் உச்சியிலும், துணி மடிந்து உள்வாங்கும் ஓரங்களிலும் உதட்டுச்சாயம் போல ஆழ்ந்த சிவப்பு. அங்கிருந்து நகர நகர அது இளகுகிறது, வெந்த இறாலின் நிறத்துக்கு வருகிறது, இன்னும் வெளுக்கிறது. வலப்பக்கம் மேலே, வெளிச்சம் படும் இடத்தில், அரிசி அகலத்துக்கு வண்ணமே இல்லை. வெறும் காகிதம். ஆனால் அந்தக் காகித வெள்ளைதான் ‘இது நனைந்த குடை’ என்று சொல்கிறது.

இந்த அட்டையை என் பிறந்தநாளுக்கு அனுப்பியவர் அமெரிக்காவில் இருக்கும் என் தோழி. மழையில் நிற்கும் ஒரு வெள்ளை எலி, மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு பெரிய காளான், காலடியில் கொஞ்சம் புல். கறுப்புக் கோடுகள் எல்லாம் ரப்பர் ஸ்டாம்ப்பால் வைத்தவை. வண்ணம் முழுவதும் ஆல்கஹால் மார்க்கர். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அச்சுக்குத்திய படத்துக்கு வண்ணம் அடிப்பதில் என்ன பெரிய கலை, குழந்தைகளின் கலரிங் புத்தகம் மாதிரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்டாம்ப் தருவது கோடு மட்டும். அதே ஸ்டாம்ப்பை வாங்கிய அத்தனை பேருக்கும் அதே கோடுதான் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பகலா சாயங்காலமா, குடை துணியா பிளாஸ்டிக்கா, எலி நனைந்திருக்கிறதா என்று அந்தக் கோடு ஒன்றுமே சொல்வதில்லை. அதையெல்லாம் முடிவு செய்கிறவர் மார்க்கரைக் கையில் எடுப்பவர். இந்தக் குடைக்கு வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்றால், என் தோழி அப்படி முடிவு செய்தார் என்று பொருள். அந்த முடிவுக்குப் பூட்ஸ், காளான், புல்நுனி எல்லாம் கட்டுப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூட மீறவில்லை.

கோட்டையும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. எலியின் மீசையைப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று முடி. வேரில் சற்றுத் தடித்து, நுனியில் இல்லாமலே போகிறது. ரப்பரில் இவ்வளவு மெல்லிய கோடு நிற்கிறது என்பதே ஆச்சரியம்தான். நல்ல சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில், ஓவியர் வரைந்த படத்தை முதலில் உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கிறார்கள். தகட்டில் படம் இடம் வலமாக மாறியிருக்கும். அதன் மேல் பேக்கலைட் வகைப் பலகையைச் சூட்டில் அழுத்தினால் படம் நேராகிப் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்தில் இன்னும் வேகாத ரப்பரை வைத்து மறுபடி சூட்டில் அழுத்தினால் மீண்டும் இடம் வலம் மாறி மேடாக எழும். அதை மையில் தொட்டுக் காகிதத்தில் வைக்கும்போது படம் கடைசி முறையாகத் திரும்பி, ஓவியர் வரைந்தபடியே வந்து நிற்கிறது. இத்தனை முறை திரும்பியும் மீசை நுனி உடையவில்லை.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படுகிறது என்பதை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல் மருத்துவர்கள் கடினமான ரப்பரில் பல்செட்டுக்கு அடித்தட்டு செய்ய ஆரம்பித்தார்கள். அதற்காக அவர்கள் வைத்திருந்த சிறிய அழுத்தப் பானைகளில்தான் ஆரம்பகால அமெரிக்க ஸ்டாம்ப் தயாரிப்பாளர்களும் ரப்பரை வேகவைத்தார்கள். தபால் ஆபீசுக்கும் கம்பெனிக்கும் தேதியும் பெயரும் குத்துவதற்காகப் பிறந்த பொருள் அது. இன்று ஒரு எலிக்கு மீசை வரைகிறது. எனக்கு இந்தத் தடமாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது.

ஸ்டாம்ப் வைப்பதிலேயே ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. ஆபீசில் நாம் ஸ்டாம்ப்பைப் பேடில் ஓங்கிக் குத்தி எடுப்போம். அட்டை செய்பவர்கள் ஸ்டாம்ப்பை மல்லாக்க வைத்து, பேடைக் கையில் பிடித்து அதன் மேல் மெல்லத் தட்டுவார்கள். அப்போதுதான் மேட்டில் மட்டும் மை ஏறும், பள்ளத்தில் இறங்காது. பிறகு காகிதத்தில் நேராக இறக்கி, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் ரப்பரின் ஓரம் பட்டு, படத்தைச் சுற்றி ஒரு அழுக்குக் கரை விழுந்துவிடும். கண்ணாடி போன்ற பாலிமர் ஸ்டாம்ப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தே வைக்கலாம். ஆனாலும் கோட்டின் கூர்மைக்கு என் ஓட்டு சிவப்பு ரப்பருக்குத்தான்.

மையும் சும்மா ஒரு கறுப்பு மை அல்ல. மேலே வரப்போவது ஆல்கஹால். எனவே ஆல்கஹாலில் கரையாத கறுப்பு வேண்டும். பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டும் கரைப்பான் வகை மை பார்வைக்கு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், மார்க்கர் பட்டவுடன் கலைந்து குடையின் சிவப்பைச் சேறாக்கிவிடும். இதற்கென்று பலரும் நம்புவது மெமென்டோ என்ற மையின் டக்ஸீடோ பிளாக். அதையும் வைத்த உடனே தீண்டாமல், நன்றாகக் காயவிட்டுத்தான் மார்க்கரைத் திறக்க வேண்டும். என் அட்டையில் கறுப்புக் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு சாம்பல் இழைகூட இல்லை. தோழி பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

இனி மார்க்கர். இந்த உலகத்தில் அதிகம் பேசப்படும் பெயர் கோபிக். டோக்கியோவின் டூ கார்ப்பரேஷன் 1987-இல் இதைக் கொண்டுவந்தது. வடிவமைப்பாளர்கள் படத்தை ஜெராக்ஸ் எடுத்து அதன் மேல் வண்ணம் தீட்டுவார்கள். சாதாரண மார்க்கரின் மை, ஜெராக்ஸின் டோனரைக் கரைத்து இழுத்துவிடும். டோனரைக் கரைக்காத மையாக இது வந்தது. ‘காப்பி’ என்பதிலிருந்தே கோபிக் என்ற பெயரும் வந்தது. ஜெராக்ஸ் கோட்டைக் காப்பாற்றப் பிறந்த மை ரப்பர் ஸ்டாம்ப்பின் கோட்டோடு ஒத்துப்போனதில் வியப்பில்லை.

கோபிக் ஸ்கெட்ச் வகையில் மட்டும் 358 நிறங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து நிறத்தின் குடும்பம்: ஆர் என்றால் சிவப்பு, பி நீலம், இ மண்நிறம், சி குளிர்ந்த சாம்பல், டபிள்யூ வெதுவெதுப்பான சாம்பல். முதல் எண் நிறம் எவ்வளவு தூய்மையானது, எவ்வளவு மங்கலானது என்பதைச் சொல்லும். கடைசி எண் வெளிர்ந்ததா அடர்ந்ததா என்பதைச் சொல்லும். இந்தக் குடையின் நான்கு சிவப்பு ஆர் 29, ஆர் 27, ஆர் 24, ஆர் 22. முதல் எண் நான்கிலும் இரண்டுதான், ஆகவே நால்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தகராறு இல்லாமல் கலந்துவிடும். எண்ணுக்கு ஒரு பெயரும் உண்டு: ஆர் 29 லிப்ஸ்டிக் ரெட், ஆர் 24 பிரான், அதாவது இறால். முதல் பத்தியில் உதட்டுச்சாயம், இறால் என்று நான் எழுதியது என் கற்பனை இல்லை, மூடியில் இருப்பதுதான்.

ஆல்கஹால் மையின் குணம் தண்ணீர் மையின் குணத்துக்கு நேர் எதிர். தண்ணீர் மார்க்கரால் ஒரே இடத்தில் நாலு முறை தேய்த்தால் காகிதத்தின் நார் எழுந்து திரிதிரியாகிவிடும். ஒவ்வொரு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பட்டை பட்டையாகத் தெரியும். ஆல்கஹால் காகிதத்தை அப்படி ஊறவைப்பதில்லை. உள்ளே இறங்கி, பக்கத்து ஈரத்தோடு கலந்து, சட்டென்று ஆவியாகிவிடுகிறது. மீதி நிற்பது சாயம் மட்டும். ஆனால் அந்தக் கலப்பு ஈரம் இருக்கும்வரைதான் நடக்கும். குடையைத் தீட்டுபவர் அதனால்தான் குடை முழுவதையும் ஒரே மூச்சில் தீட்டாமல், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு துண்டை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்.

ஒரு துண்டு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். முதலில் ஆர் 22, வெளிச்சப் புள்ளியை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம். அது ஈரமாக இருக்கும்போதே மடிப்பின் ஓரத்தில் ஆர் 29. மார்க்கரின் தூரிகை முனையை ஓரத்தில் அழுத்தி வைத்து, வெளிச்சத்தை நோக்கி விசிறி, பாதி வழியில் தூக்கிவிட வேண்டும். தொடக்கத்தில் தடித்து நுனியில் மறையும் ஒரு கீற்று வரும். பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் குட்டையாக. அடுத்தது கொஞ்சம் நீளமாக. எல்லாம் ஒரே நீளத்தில் நின்றால் வேலி மாதிரி ஆகிவிடும். அந்தக் கீற்றுகளின் நுனி மேல் ஆர் 27, அதன் நுனி மேல் ஆர் 24, கடைசியில் மறுபடி ஆர் 22 வந்து எல்லாவற்றையும் இளக்கிச் சேர்க்கும். எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று கேட்டால் தீட்டியவருக்கே காட்டத் தெரியாது.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஓரத்தை. ஆல்கஹால் மை வைத்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் பரவும். கோடுவரை தீட்டினால் கோட்டைத் தாண்டிவிடும். எனவே கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே முனையைத் தூக்கிவிட வேண்டும். மை தானே நகர்ந்து கோட்டைத் தொட்டு நிற்கும். எவ்வளவு முன்னால் என்பது காகிதத்தையும் முனையில் இருக்கும் ஈரத்தையும் பொறுத்தது. அதைக் கை கற்றுக்கொள்ள வேண்டும், எழுதிவைத்துச் சொல்லித்தர முடியாது. இந்தக் குடையின் விளிம்பில் எட்டு வளைவுகள் இருக்கின்றன. எட்டிலும் சிவப்பு கறுப்புக் கோட்டுக்குள் நிற்கிறது.

ஆனால் இந்த அட்டையின் உச்சம் குடை இல்லை, எலி. அது வெள்ளை எலி. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை எலியை எப்படித் தீட்டுவது? தீட்டாமல் விட்டால் தட்டையாகக் கிடக்கும். அதிகம் தீட்டினால் சாம்பல் எலியாகிவிடும். தோழி எடுத்தது சி வரிசையின் மிக வெளிர்ந்த சாம்பல்கள். வயிற்றின் இடப்பக்கம், கையின் அடி, கன்னத்தின் கீழ், வால் உடம்பை விட்டுக் கிளம்பும் இடம், இவ்வளவுதான். மற்றதெல்லாம் காகிதம். டபிள்யூ வரிசையை எடுத்திருந்தால் எலி சற்றே பழுப்பேறி, வெயிலில் காயும் எலியாக இருந்திருக்கும். சி எடுத்ததால் மழை நாளின் நீலக் குளிர் அதன் மேல் இருக்கிறது. மழைத்துளி ஒன்றுகூட இந்தப் படத்தில் இல்லை. சாம்பலின் தேர்வு ஒன்றே மழையைக் கொண்டுவந்துவிட்டது.

அப்புறம், எலியின் உச்சந்தலையில், காதுகளுக்கு நடுவில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு இளஞ்சிவப்பு. ஆர் 000 என்ற நிறம், சிவப்புக் குடும்பத்திலேயே மிகவும் வெளிர்ந்தவற்றில் ஒன்று. முதலில் அதைக் காதின் நிறம் வழிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: சிவப்புக் குடைக்குள் நிற்பவர் தலையில் சிவப்பு வெளிச்சம்தானே விழும்! ஸ்டாம்ப்பில் அதற்கு ஒரு கோடு கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. குடையின் அடியில் என்ன வெளிச்சம் இருக்கும் என்று யோசித்த ஒருவர் மட்டுமே வைக்கக்கூடிய நிறம் அது. கலரிங் புத்தகம்தானே என்பவர்களுக்கு இந்த ஒரு தொடுதலைக் காட்டினால் போதும்.

பின்னால் இருக்கும் காளானில் வேறொரு நுட்பம். எலி வேறு ஸ்டாம்ப், காளான் வேறு ஸ்டாம்ப். காளான் எலிக்குப் பின்னால் போய் மறைய வேண்டும். கான்வாஸில் தீட்டுபவர்கள் பெரும்பாலும் தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டிவிட்டு அருகில் இருப்பதற்கு வருவார்கள். இங்கே தலைகீழ். முன்னால் நிற்கும் எலியை முதலில் வைக்க வேண்டும். அதே எலியை ஒட்டும் சீட்டுக் காகிதத்தில் இன்னொரு முறை வைத்து, கோட்டின் மேலேயே கத்தரித்து, அட்டையிலிருக்கும் எலியை அதனால் மூடிவிட்டு, காளானை அதன் மேலேயே வைக்க வேண்டும். சீட்டை எடுத்தால் காளான் எலிக்குப் பின்னால் போயிருக்கும். கத்தரித்ததில் கொஞ்சம் வெளியே விட்டிருந்தால் எலியைச் சுற்றி ஒரு வெள்ளை இடைவெளி தெரியும். உள்ளே போயிருந்தால் காளானின் கோடு எலியின் மேல் ஏறியிருக்கும். இங்கே வால் நுனியில் மட்டும் ஒரு நூலிழை வெள்ளை தெரிகிறது. மீசையைச் சுற்றிக் கத்தரிப்பது யாராலும் முடியாது என்பதால் காளானின் குடைப்பகுதி மீசைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் திட்டமிடலை நான் குடையின் நிறங்களுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

காளானின் மேல் இருக்கும் வெளிர் புள்ளிகளும் ஸ்டாம்ப்பில் இல்லாதவை. கோபிக்கில் நிறமே இல்லாத ஒரு மார்க்கர் உண்டு, எண் 0. உள்ளே வெறும் கரைப்பான்தான். பழுப்பு தீட்டிக் காய்ந்த இடத்தில் அதைத் தொட்டு வைத்தால் சாயம் அங்கிருந்து விலகி ஓரத்துக்குப் போய்விடும். நடுவில் வெளுப்பு, சுற்றிலும் மெல்லிய அடர்ந்த கரை. வெள்ளை ஜெல் பேனாவால் வைக்கும் புள்ளி காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இது காகிதத்துக்குள்ளிருந்து வருகிறது. ஜெல் பேனாவையும் தோழி ஒரே ஒரு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார், எலியின் கண்மணியில். அங்கே அதுதான் சரி.

இப்படிக் கோடு அச்சிலிருந்தும் வண்ணம் கையிலிருந்தும் வருவது வாழ்த்து அட்டைக்குப் புதிதில்லை. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட அட்டையைத்தான் முதல் அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வரைந்தவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி. கல்லச்சில் கோடுகளை எடுத்து, ஒவ்வொரு அட்டைக்கும் கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். அந்தக் கோல்தான் பிறகு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் ஆன அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். அப்புறம் வண்ணக் கல்லச்சு வந்தது. பாஸ்டனில் லூயி பிராங் 1875-இல் அமெரிக்கச் சந்தைக்கு கிறிஸ்துமஸ் அட்டைகளைக் கொண்டுவந்தபோது வண்ணமும் அச்சுக்கே போய்விட்டது. பிராங்கின் அட்டைகள் அழகானவை, அதில் சந்தேகமில்லை. நம் ஊரில் பொங்கலுக்குக் கடைவாசலில் தொங்கிய வாழ்த்து அட்டைகளும் இந்த வழியில் வந்தவைதான். கரும்பும் பானையும் சூரியனும் ஆயிரக்கணக்கில் ஒரே நிறத்தில். அவற்றை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் தொழிற்கூடத்தை விட்டு வெளியே போன அந்தக் கைவண்ணம் ஒரு வீட்டின் மேசைக்கு வந்து சேர்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அட்டையாகக் கட்டியிருக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க லெட்டர் தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் நாலேகால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். அதுதான் அங்கே வழக்கமான அளவு. மடிப்பதற்கு முன் எலும்புப் பட்டையால் கோடு போட்டு அழுத்தியிருக்கிறார், மடிப்பு விரியாமல் நேராக நிற்கிறது. படம் அட்டையிலேயே இல்லை, தனித் தாளில் தீட்டி மேலே ஒட்டியது. ஆல்கஹால் மை மறுபக்கம்வரை இறங்கிவிடும் என்பதால் இப்படிச் செய்தே ஆக வேண்டும். ஒட்டும் முன் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தால் வேலையின் தரம் தெரிந்துவிடுமாம். பின்பக்கமும் ஒரே சீராக நிறம் ஊறியிருந்தால் கலப்பு முழுமையாக நடந்திருக்கிறது, திட்டுத் திட்டாக இருந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ரிப்பன், மினுமினுப்புப் பொடி, ஒட்டுப் பூ எதுவும் இல்லை. இந்தத் துறையில் அவற்றைக் கொட்டித் தீர்ப்பவர்கள் நிறைய. நல்ல வண்ணவேலையின் பக்கத்தில் மினுமினுப்பை வைத்தால் கண் அங்கேதான் போகும், நான்கு சிவப்பும் ஒரு சிவப்பாகிவிடும். இங்கே படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை ஓரம் மட்டும் விட்டிருக்கிறார், நாலு பக்கமும் ஒரே அளவில். வாழ்த்தும் முகப்பில் இல்லை, உள்ளேதான். அதுவும் ஸ்டாம்ப் இல்லை, அவர் கையெழுத்து.

சாய மையில் ஒரு குறை உண்டு, வெயில் பட்டால் மங்கும். அதனால் இதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்திருக்கிறேன், வேண்டும்போது எடுத்துப் பார்க்கிறேன். அட்டையின் பின்புறம், கீழ் மூலையில், தோழி பென்சிலால் சிறியதாக எழுதியிருக்கிறார்: தேதி, மையின் பெயர், அதன் கீழே பயன்படுத்திய நிறங்களின் எண்கள் வரிசையாக. ஆர் 000-க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அடைப்புக்குறிக்குள் ‘தலை’ என்று எழுதியிருக்கிறது.